ஊருக்கு வெளியே போன புகை

சவுரியம்மாளுக்குக் கோபம் வந்தால் திண்டிவனம் ரயில்வே கேட் தானாக இறங்கிவிடும் என்று செங்கழனிப்பேட்டையில் சொல்வார்கள். அது பொய். கேட் இருப்பது பதினாலு மைலுக்கு அப்பால். அவ்வளவு தூரத்துக்கு அவள் குரல் போகாது. பத்து மைலோடு நின்றுவிடும்.

செங்கழனிப்பேட்டை என்பதும் ஊரின் உண்மையான பெயர் இல்லை. உண்மைப் பெயரைச் சொன்னால் அங்கே இன்னும் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் நடமாடும் நாலு பேருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், பாவம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓர் ஊர் என்று தெரிந்தால் போதும். ஒரு கடைத்தெரு, ஒரு பேரூராட்சி அலுவலகம், மேற்கே வருஷத்தில் ஆறு மாதம் காய்ந்து கிடக்கும் ஓர் ஏரி. ஏரிக்கு அந்தாண்டை காலனி. அங்கேதான் சவுரியம்மாள் பிறந்தாள், அங்கேயே தேவசகாயத்தைக் கட்டிக்கொண்டாள், அங்கிருந்துதான் ஒவ்வொரு விடியலிலும் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊரைக் கூட்டப் போனாள்.

தென்னாற்காட்டை இரண்டாக வெட்டி விழுப்புரத்தைத் தனி மாவட்டமாக்கிய 1993-இல் அவளுக்கு வயது முப்பத்திரண்டு. அந்த வருஷம்தான் அவளுக்கும் வெள்ளையம்மாளுக்கும் கடைத்தெருவை ஒதுக்கினார்கள். வெள்ளையம்மாள் அடுத்த வீட்டுக்காரி, நாலு வயது மூத்தவள். ஒருத்தி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவாள், மற்றவள் மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றுவாள். சண்டையும் வெற்றிலையும் இருவருக்கும் பொது.

வேலை இப்படி நடக்கும். பஸ் நிறுத்தத்திலிருந்து சவுரியம்மாள் கூட்டிக்கொண்டு வருவாள். எதிர்க்கோடியில் மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளையம்மாள் வருவாள். நடுவில் தண்ணீர்த் தொட்டியருகே இருவரும் சந்திக்கும்போது குப்பை இடுப்பளவு குவிந்திருக்கும். அதை அள்ளிப் போக வேண்டிய டிராக்டர் எப்போது வரும் என்பது டிராக்டருக்கே தெரியாது. ஆகவே குவியலைக் கொளுத்திவிட்டு வீட்டுக்குப் போவதுதான் பழக்கம். அதற்கு அவர்களே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். தொட்டிக்குப் பிந்தி வருகிறவள் குச்சி கிழிக்க வேண்டும்.

"தோத்தவ கொளுத்து!" என்று தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு சவுரியம்மாள் கூவுவாள்.

"உனக்கு இன்னா, கால்ல சக்கரம் கட்டிக்கினு வர்றியாடி?"

"நீ நடக்கிற நடைக்கு, வெள்ளையக்கா, நமக்குப் பின்னால பொறந்த மாவட்டமே நம்மள முந்திக்கினு போயிடும்."

வெள்ளையம்மாள் கெட்ட வார்த்தை ஒன்றைச் செல்லமாகச் சொல்லிவிட்டுக் குச்சி கிழிப்பாள். குனிந்து, கையால் காற்றை மறித்து, ஓரத்தில் பற்றவைத்து, நெருப்பு நன்றாகப் பிடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று துடைப்பக் கட்டையால் கிளறிவிடுவாள். அப்போது குவியலில் இருந்தவை மந்தாரை இலை, வாழைச் சருகு, பேப்பர், மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலையின் தோல். புகை கண்ணைக் கரிக்கும், அவ்வளவுதான்.

ஊருக்குள் முதல் பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தவர் ஜவுளிக்கடை தட்சிணாமூர்த்தி. இளஞ்சிவப்பில், கைப்பிடி வைத்து, நடுவில் அவர் முகத்தையே அச்சடித்து, இரண்டு கையும் கூப்பியபடி. வாங்கியவர்கள் அதை மடித்துப் பாய்க்கடியில் வைத்துப் பாதுகாத்தார்கள். ஒரு வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததாகவும், கிழவர் ஒருவர் மூன்று மாதம் அதற்குத் திருநீறு பூசிவிட்டதாகவும் கேள்வி. அந்த மரியாதை இரண்டு வருஷம்கூட நிலைக்கவில்லை. கறிக்கடை கறுப்புக் கவருக்கு மாறியது. டீக்கடையில் கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைக் கவரில் ஊற்றி நூலால் முடிச்சுப் போட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் தண்ணீர் பாக்கெட் வந்தது. ஒரு ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கினாலும் ஒரு கவர். 2000 பிறந்தபோது சவுரியம்மாள் கூட்டிய குப்பையில் பாதிக்கு மேல் அதுதான். துடைப்பத்துக்கு அடங்காது. கூட்டினால் எழுந்து பறக்கும், விட்டால் சாக்கடையில் போய் அடைத்துக்கொள்ளும், அடைத்தால் இவள்தான் இறங்கிக் கையை விட்டு இழுக்க வேண்டும். தட்சிணாமூர்த்தியைச் சாக்கடையிலிருந்து இழுத்துப் போட்ட கணக்கு ஆயிரத்தைத் தாண்டும். ஒவ்வொரு முறையும் கும்பிட்டபடியே வெளியே வந்தார்.

நெருப்பின் குணமும் மாறியது. கவர் சுருண்டு உருகி, சொட்டுச் சொட்டாய்த் தீயோடு விழுந்தது. புகை கறுப்பாக, கனமாக, மேலே போக மனமில்லாமல் தெருவிலேயே படுத்துக்கொண்டது. நாக்கில் மெழுகு தின்றதுபோல ஒரு ருசி மதியம்வரை போகாது.

"இத்த கொளுத்தணுமா மேஸ்திரி? நெஞ்சக் கட்டுது," என்று சவுரியம்மாள் கேட்டுப் பார்த்தாள்.

துப்புரவு மேஸ்திரி விருத்தாசலம் சைக்கிளிலிருந்து இறங்காமலே பேசுகிறவர். மூக்கில் ஒரு கைக்குட்டை, அதில் கொஞ்சம் சென்ட். "ஒரே குச்சில முடியிற வேலைய ஒன்பது ஆளு செய்ய வைக்காத, சவுரி. கொளுத்திட்டு ஜல்தியா ஊட்டுக்குப் போங்க."

கொளுத்தினார்கள். சரியாகச் சொன்னால் வெள்ளையம்மாள் கொளுத்தினாள். அவள்தானே பிந்தி வருவாள்! வருஷம் ஆக ஆக இன்னும் பிந்தி வந்தாள். நடுவழியில் நின்று இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். தோற்றதால் கொளுத்தினாள், கொளுத்தியதால் மூச்சு முட்டியது, மூச்சு முட்டியதால் மறுநாளும் தோற்றாள். சவுரியம்மாள் தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு பதினோரு வருஷம் ஜெயித்தாள்.

2004-இல் ஒருநாள் வெள்ளையம்மாள் கிழித்த குச்சி அணைவதற்குள் அவளே சரிந்துவிட்டாள். உதடு நாவற்பழ நிறம். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. குழாயை முதுகில் வைத்துப் பார்த்துவிட்டு, "பீடி, சுருட்டு எதாச்சும் பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டாள்.

வெள்ளையம்மாளுக்கு அந்த நிலையிலும் ரோஷம் வந்துவிட்டது. "பீடிய... நான் கூட்டி... அள்ளியிருக்கேங்க. குடிச்சதில்ல."

என்ன வேலை, எப்படிச் செய்கிறீர்கள் என்று டாக்டரம்மா விசாரித்தாள். குச்சி கிழிக்கிற கதையைச் சவுரியம்மாள் சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது.

"இது ஒண்ணாலதான் வந்துச்சுன்னு நான் எழுதித் தர முடியாதும்மா. தூசி, அடுப்புப் புகை எல்லாம் சேர்ந்திருக்கும். ஆனா பிளாஸ்டிக் எரியற புகை விஷம். நுரையீரல அரிச்சிடும், ரத்தத்துலயும் கலக்கும். போன மூச்சு போனதுதான், மருந்து குடுத்தாலும் திரும்பாது. இருக்கிற மூச்சக் காப்பாத்தணும்னா இவங்க இருக்கிற பக்கமே அந்தப் புகை வரக் கூடாது. வந்தா இவங்க தாங்க மாட்டாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சவுரியம்மாள் வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் ஒரு மணி நேரம் இருந்தது அதுவே முதல் தடவை. கண்டக்டர் இரண்டு தரம் வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டார். அவளுக்குள் என்ன ஓடியது என்பது அப்புறம் வசவாக வெளியே வந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. சென்ட் போட்ட கைக்குட்டை மேல் கோபம். கும்பிட்டபடி உருகிய முகத்தின் மேல் கோபம். ஒரு கத்தரிக்காயைக்கூட வெறுங்கையில் வாங்கிப் போகத் தெரியாத ஊரின் மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலே, வேகமாகக் கூட்டிய தன் கையின் மேல் கோபம். ஒரே ஒருநாள், ஒரு நாளாவது, வேண்டுமென்றே மெதுவாக நடந்திருக்கலாமே!

மறுநாள் குவியலைக் கூட்டிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"எழுந்துரு சவுரி, கொளுத்தணும்," என்றார் மேஸ்திரி.

"கொளுத்துங்க. என்னோட சேத்து."

"இன்னா பேஜாரா போச்சு உன்னோட! குப்பைய வேற இன்னா பண்றது?"

"ஊருக்கு வெளிய கொண்டும் போயிக் கொட்டுங்க! டிராக்டர் எதுக்கு வச்சிருக்கீங்க? ஆபீசு வாசல்ல சாணி தட்டவா?"

அன்று தொடங்கியது. காலையில் கூட்டுவாள், பகலில் கடை கடையாக ஏறுவாள். பள்ளிக்கூட வாசலில் நின்று தாய்மார்களைப் பிடித்தாள். தண்ணீர்த் தொட்டிப் புகை ஒன்றாம் வகுப்பு ஜன்னல் வழியாகத்தான் தினமும் உள்ளே போனது. பிள்ளைகள் இருமியபடி வாய்ப்பாடு ஒப்பித்தன. "உங்க பிள்ளைங்க மூக்குல நாங்க கொளுத்துறம்மா, நாங்கதான். திட்டுங்க. திட்டிட்டு எங்கூட ஆபீசுக்கு வாங்க," என்றாள். டீக்கடையில் சாம்பார் முடிச்சைத் தூக்கிக் காட்டி, "இந்தச் சூட்டுக்குக் கவருல இருக்கிற மருந்தெல்லாம் சாம்பாருல எறங்கும்னு டாக்டரம்மா சொல்லுது. காசு குடுத்து வெஷம் வாங்கிக்கினு போறியே தம்பி, ஊட்டுல ஒரு தூக்குச்சட்டி இல்லியா?" என்றாள். தட்சிணாமூர்த்தியிடம் போனபோது அவர் நிஜமாகவே கையைக் கூப்பினார்.

"கவர் இல்லன்னா ஜனங்க திண்டிவனத்துக்குப் போயிடுவாங்க சவுரியம்மா. நான் யாவாரம் பண்றதா வேணாமா?"

"யாவாரம் பண்ணுங்க மொதலாளி. உங்க மொகத்த எரிக்கச் சொல்லி எங்ககிட்ட குடுக்காதீங்க. எங்களுக்கே ஒரு மாதிரி இருக்குது."

ஒன்றரை வருஷம். நாற்பது மனு. அதில் பாதியைத் தேவசகாயம் எழுதினான். வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவன், ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எல்லா மனுவின் கடைசி வரியும் ஒன்றே: குப்பையைத் தெருவில் எரிக்காமல் ஊருக்கு வெளியே கொண்டு போய்க் கொட்ட வேண்டும். 2006-இல் பேரூராட்சி இறங்கி வந்தது. குப்பை அள்ள ஒரு கான்ட்ராக்ட்காரர், தினமும் டிராக்டர், தெருவில் நெருப்புக்குத் தடை. பள்ளிக்கூடத்தில் விழா எடுத்துச் சவுரியம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையைப் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தது யார் யோசனை என்று தெரியவில்லை. அவள் மேடையிலேயே கவரைக் கழற்றி மேஸ்திரி மடியில் வைத்தாள்.

வெள்ளையம்மாள் மருத்துவ விடுப்பில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். தடை வந்த பிறகு இரண்டு வாரம் நன்றாக இருந்தாள். எட்டு வீடு தள்ளி இருந்த ஆரோக்கியசெல்வியோடு உட்கார்ந்தபடியே சண்டை போடும் அளவுக்குத் தெம்பு வந்திருந்தது. மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், ஏரிப் பக்கமிருந்து அந்த மெழுகு வாசனை வந்தது.

சவுரியம்மாள் ஓடிப் போய்ப் பார்த்தாள். காலனிக்குப் பின்புறம், காய்ந்த ஏரியின் கரையோரமாக டிராக்டர் நின்றது. ஒரு தெருக் குப்பை அல்ல, பதினைந்து வார்டுக் குப்பை. கான்ட்ராக்ட்காரரின் ஆள் நாலு மூலையிலும் பற்றவைத்துவிட்டுத் தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான்.

ஊருக்கு வெளியே. அங்கேதானே கொட்டச் சொன்னாள்! அந்த ஊர் எதையெல்லாம் வேண்டாம் என்று நினைத்ததோ அதையெல்லாம் எந்தக் காலத்திலும் இந்தப் பக்கம்தான் தள்ளியிருக்கிறது. செத்த மாட்டை, சாக்கடை மண்ணை, அவளுடைய பாட்டன் பூட்டனை. நாற்பத்தைந்து வருஷம் ஊருக்கு வெளியேயே படுத்து எழுந்த ஒருத்தி, ஒன்றரை வருஷம் தொண்டை கிழிய, ஊருக்கு வெளியே கொட்டு, ஊருக்கு வெளியே கொட்டு என்று கத்தியிருக்கிறாள். வெளியே என்றால் வெறும் வெளி என்று நினைத்துவிட்டாள், ஏதோ கடைத்தெருவில் கல்லா கட்டி உட்கார்ந்தவளைப் போல. நாற்பது மனுவையும் படித்து ரசீது கொடுத்தவர்கள் ஒருவராவது சொன்னார்களா? அவர்களுக்குத் தெரியும். மனுவைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

வெள்ளையம்மாள் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு வாசலில் குறுகி உட்கார்ந்திருந்தாள். "நல்லா... கத்துனடி சவுரி. சொன்ன எடத்துக்கே... கரெக்டா கொண்டாந்துட்டாங்க."

அந்தக் கிண்டலுக்குப் பதில் அவள் இரண்டு அறை விட்டிருந்தால்கூடச் சவுரியம்மாளுக்குத் தேவலை.

மறுநாள் அலுவலகத்தில் செயல் அலுவலர் அவளுடைய மனுக் கட்டையே எடுத்து மேசையில் போட்டார். "நீ கேட்டதத்தானம்மா செஞ்சிருக்கோம்?"

"கொட்டத்தான் கேட்டேன் சார். கொளுத்த யாரு சொன்னது?"

"கொளுத்தலன்னா எடம் பத்தாது."

"டாக்டர் சொல்லியிருக்காங்க. அந்தப் புகை பட்டா வெள்ளையக்கா செத்துப் போயிடும்."

"அவங்கள வேற எங்கயாச்சும் சொந்தக்காரங்க ஊட்டுல தங்கச் சொல்லு."

அன்று சாயங்காலம் சவுரியம்மாள் கான்ட்ராக்ட்காரரின் ஆளிடமிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கி ஏரி மண்ணில் போட்டு மிதித்தாள். அடுத்த வாரமே சஸ்பெண்ட் ஆர்டர் வந்தது. அரசுப் பணிக்கு இடையூறாம். அந்த அலுவலகம் அதுவரை செய்த காரியங்களிலேயே உருப்படியானது அதுதான். குப்பைக் கிடங்குக்கு நாள் முழுவதும் காவல் இருக்க ஓர் ஆள் கிடைத்தாள். காலனிப் பெண்கள் முறை வைத்துக் குடத்தில் தண்ணீரோடு வந்தார்கள். டிராக்டர் கொட்டட்டும், தடுக்கவில்லை. குச்சி கிழித்தால் ஒரு குடம். மறுபடி கிழித்தால் அடுத்த குடம் கிழித்தவன் தலையில். ஆரோக்கியசெல்விக்குக் குறி தப்பாது. முதல் வாரத்திலேயே அந்த ஆளுக்கு ஜலதோஷம் பிடித்து வேலையை விட்டுவிட்டான்.

இரண்டு மாதம் கழித்து விருத்தாசலம் ஒரு தாளோடு வந்தார். முதல் தடவையாகச் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"பிரச்சனைய முடிச்சிடலாம் சவுரி. கிடங்க இங்கருந்து எடுத்துடறோம். அடுத்த ஊருக்கு அந்தாண்ட பொறம்போக்கு இருக்குது. எங்களுக்கு ஆட்சேபண இல்லன்னு நீ ஒரு கையெழுத்துப் போடு. சஸ்பென்சனும் ரத்து. உன் சிநேகிதி நிம்மதியா மூச்சு விடட்டும்."

"அங்க யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"யாருமே இல்லியா மேஸ்திரி?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "யாரும் இல்லன்னா... உங்க ஆளுங்கதான், ஒரு இருவது ஊடு."

சவுரியம்மாளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனாலும் பேனாவை வாங்கினாள். அதை மறைத்துச் சொல்வதில் பொருளில்லை; வாங்கினாள். பின்னால் வாசலில் வெள்ளையம்மாளின் மூச்சு ஓட்டைத் துருத்திபோல இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கையெழுத்து. இனி இந்தப் பக்கம் புகையே வராது என்று உறுதி. குடம் தூக்கித் தூக்கிப் பெண்களுக்கும் இடுப்பு ஒடிந்துவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு போய் வெள்ளையம்மாள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள், விஷயத்தைச் சொன்னாள்.

"அங்க இருக்கிறவளுக்கு... மூக்கு இல்லியாமா?" என்றாள் வெள்ளையம்மாள்.

"நீ பொழைக்கணும் வெள்ளையக்கா."

"பதினோரு வருசம்... என் கையால கொளுத்துனது போதும். இப்ப... கையெழுத்து வேற போட்டுக் கொளுத்தணுமா?" மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முடித்தாள். "குடுத்துட்டு வாடி அத்த."

சவுரியம்மாள் தாளை மடித்து மேஸ்திரியின் சட்டைப் பையில் செருகினாள், பேனாவோடு. "எங்கயும் கொளுத்தக் கூடாது. இந்த ஊர்லயும் இல்ல, அடுத்த ஊர்லயும் இல்ல. போயி உங்க சாருகிட்ட சொல்லுங்க."

அந்தக் கோடை முழுவதும் ஒரு கவரும் எரியவில்லை. எரியாததால் என்ன ஆயிற்று என்றால், இருந்தது. அதுவரை தீ தின்று மறைத்ததெல்லாம் கண்ணெதிரே அப்படியே நின்றது. சித்திரையில் ஓராள் உயரம். வைகாசியில் பனைமரம் பாதி மறைந்தது. பெருமுக்கல் மலைக் கோயிலுக்குப் போக வந்த வெளியூர்க்காரர் ஒருவர் வழி தப்பிப் போய் இதில் ஏறிவிட்டு, சாமி எந்தப் பக்கம் என்று கேட்டதாகக் காலனியில் சத்தியம் செய்கிறார்கள். பாதியாவது உண்மையாக இருக்கும்.

பிறகு ஆடி வந்தது. ஆடியில் அந்தப் பக்கத்துக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். மேற்கே காலனி, குப்பைமலை. கிழக்கே ஊர்.

முதல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பியது. சுக்காகக் காய்ந்த கவர்கள் ஆயிரம் ஆயிரமாக எழுந்து, வறண்ட ஏரியைத் தாண்டி, கொக்குக் கூட்டம்போல ஊருக்குத் திரும்பின. மின்கம்பியில் தொங்கின. மொட்டைமாடி வற்றலில் படுத்தன. பஸ் கண்ணாடியில் அப்பி, டிரைவர் அலறினார். மாரியம்மன் கோயிலில் கேப்பைக் கூழ் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவுக்குள் கறிக்கடைக் கறுப்புக் கவர் ஒன்று வந்து இறங்கியது. கரண்டி பிடித்த பெண்கள் போட்ட கூச்சல் சவுரியம்மாளின் பத்து மைலைத் தாண்டியது. அன்றைக்குத்தான் ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி தொடக்கம். வாசலில் பந்தல், தோரணம், கூட்டம். அந்தக் கூட்டத்தின் தலைமேல் தட்சிணாமூர்த்தி, இளஞ்சிவப்பாய், கிழிந்து, சேறு பூசி, நூற்றுக்கணக்கில், இரண்டு கையும் கூப்பிக்கொண்டு வந்து விழுந்தார்.

காலனி இருமியபோது வராத கோபம் ஊருக்கு அன்று வந்தது. ஏரியைத் தாண்டி வந்து பார்த்தார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு. "எவ்ளோ நாளா இது இங்க இருக்குது?" என்று ஒரு அம்மாள் சவுரியம்மாளையே கேட்டாள்.

"நீங்க தூக்கிப் போட்ட நாளுலருந்துதாங்க."

அடுத்த திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குக் காலனியும் கடைத்தெருவும் ஒரே பஸ்ஸில் போயின. எரிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கவரைப் பிரித்து மூட்டை கட்டி அனுப்ப ஒரு கொட்டகை போட்டார்கள். சவுரியம்மாளுக்கு வேலை திரும்பியது. தட்சிணாமூர்த்தி, பை கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு கைக்குட்டை இலவசம் என்று எழுதி வைத்தார். கறிக்கடை நாலு மாதம் தாமரை இலைக்குப் போய்விட்டு, மெதுவாகக் கறுப்புக்கே திரும்பியது. சவுரியம்மாள் அந்த வாசலில் தினம் ஒரு தடவை நின்று கத்திவிட்டுத்தான் துடைப்பத்தைத் தூக்கினாள்.

புகை நின்றது. ஆனால் டாக்டரம்மா சொன்னது சொன்னதுதான், போன மூச்சு திரும்பவில்லை. வெள்ளையம்மாள் இன்னும் நாலு வருஷம் இருந்தாள். வாசலிலிருந்து அடுப்படிக்குப் போவதே அவளுக்குத் திண்டிவனம் போய் வருகிற மாதிரி. 2011 ஐப்பசியில், மழை விட்டு ஏரிக் காற்று சுத்தமாக வீசிக்கொண்டிருந்த ஒரு காலையில் செத்துப்போனாள். ஐம்பத்து நாலு வயது. அவள் ஒரு கவர்கூட விலைக்கு வாங்கியதில்லை. ஊர் வாங்கியதை எல்லாம் அவள் சுவாசித்துத் தீர்த்தாள். செயல் அலுவலர் மாறிப் போய்விட்டார், கான்ட்ராக்ட்காரர் வேறு ஊரில் வேறு குப்பை அள்ளினார். யார்மேலும் ஒரு கேசும் இல்லை, எந்தத் தாளிலும் அவள் பெயர் இல்லை.

சாவு வீட்டுக்கு ஊரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். காலனிச் சாவுக்கு ஊர்க்காரர்கள் வந்தால் டீ கொடுக்கப் பிளாஸ்டிக் கப் வாங்கி வைப்பது கொஞ்ச காலமாக ஏற்பட்டிருந்த வழக்கம். குடித்துவிட்டு எறிந்துவிடலாம், காலனித் தம்ளரில் வாய் வைக்க வேண்டியதில்லை, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டியதில்லை. சவுரியம்மாள் அந்தக் கப் கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு மாதா கோயிலிலிருந்து நூறு கண்ணாடித் தம்ளர் கொண்டுவந்திருந்தாள்.

விருத்தாசலம் ரிட்டையராகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாலை போட்டுவிட்டு ஓரமாக நின்றார். சவுரியம்மாளே டீயை நீட்டினாள்.

அவர் தம்ளரைப் பார்த்தார். "யூஸ் அண்ட் த்ரோ கப்பு இல்லியாம்மா?"

"இந்தத் தெருவுல கெடையாது."

"அப்ப பரவால்ல. எனக்கு வேணாம்."

"கொளுத்துன்னு நீங்க சொன்னப்ப வெள்ளையக்கா ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, வேணாம்னு சொல்லியிருக்குதா மேஸ்திரி?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் பறை நின்றுவிட்டது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். விருத்தாசலம் தம்ளரை வாங்கினார். வாங்கிக் குடித்தார், சூட்டோடு, ஒரே மூச்சில். குடித்து முடித்ததும் அவர் கை தன்னிச்சையாக வாய்க்கால் பக்கம் போனது, எறிவதற்கு.

"கொழா அந்தாண்ட இருக்குது. கழுவிக் கவுத்துட்டுப் போங்க."

கழுவினார். சவுரியம்மாள் அதை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தாள். அடியில் டீத்தூள் ஒட்டியிருக்கிறது என்று இன்னொரு தரம் கழுவ வைத்தாள்.